என் பேட்டரியும் அவர் பெட்ரோலும்

பாலத்தின் உச்சிக்கு இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. அப்போது என் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன.

கால் மேலே, தலை பின்னால். கண்ணுக்கு நேரே வானமும் அதில் ஒரு கொக்கும் மட்டும்தான் தெரிந்தன. கொக்கு என்னைப் பார்த்ததா என்று தெரியவில்லை. நான் அதை நன்றாகப் பார்த்தேன்.

"பிடிங்க! ஏங்க, பிடிங்க!" என்று கத்தினேன்.

பின்னால் மொபெட்டில் வந்த என் வீட்டுக்காரர், மொபெட்டை அப்படியே சாலையில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார். வாயில் விசில் இருந்ததால் அவர் கத்தியதெல்லாம் விசிலாகவே வெளியே வந்தது. வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், ஏதோ பஸ் பாலத்தில் பின்னோக்கி வருகிறது என்று நினைத்து கரையேறி வந்துவிட்டார்கள்.

நல்லவேளையாக வண்டியின் பின்பக்கம் வால் மாதிரி இரண்டு குட்டிச் சக்கரங்கள் உண்டு. அவை தரையில் ஊன்றிக்கொண்டு என்னைத் தாங்கின. அவர் வந்து முதுகில் கைகொடுத்து முன்பக்கத்தைத் தரைக்கு இறக்கினார்.

பயந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எத்தனையோ வருடமாக இதே பாலத்தில் முக்கி முனகி, பாதியில் படுத்துக்கொண்ட வண்டி இது. இன்றைக்குக் குதிரை மாதிரி முன்னங்காலைத் தூக்குகிறது!

"சிரிக்காத மங்கை. மல்லாந்திருந்தா என்னாயிருக்கும்?" என்றார் அவர், விசிலைத் துப்பிவிட்டு.

"ஆகாயத்தைப் பாத்துக்கிட்டே போயிருப்பேன்" என்றேன்.

புது பேட்டரி போட்ட மறுநாள் நடந்தது இது.

வண்டியும் கண்டக்டரும்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். வண்டி என்று நான் எழுதுவது மோட்டார் வைத்த சக்கர நாற்காலியை. கண்டக்டர் என்று எழுதுவது என் வீட்டுக்காரரை; ரிட்டயரானாலும் விசிலை விடாதவர்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் கால்களை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் பாதி ஆயுள் வரை இரண்டு கைத்தடிகளோடு சமாளித்தேன். தாலுகா ஆபீசில் தட்டச்சர் வேலை. ஊரில் எனக்கு 'டைப்பக்கா' என்றே பெயர். தோள்பட்டை இரண்டும் 'இனி எங்களால் ஆகாது' என்று சொன்ன பிறகு வந்தது இந்த வண்டி.

அவரை நான் பிடித்தது பஸ்ஸில். பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் அவர் கண்டக்டர். மற்ற கண்டக்டர்கள் நான் படியில் ஒரு கால் வைத்ததும் விசில் ஊதிவிடுவார்கள். மிச்சத்தை நானும் கம்பியும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர் மட்டும் நான் உட்கார்ந்து, கைத்தடிகளைச் சாய்த்து வைத்து, முந்தானையைச் சரிசெய்கிற வரைக்கும் விசிலை வாயருகே கொண்டுபோக மாட்டார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஏம்ப்பா, விசிலு உள்ள போயிருச்சா?" என்பார்.

"இன்னும் உக்காரலண்ணே" என்பார் இவர்.

அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. இதற்குமேல் இருந்தால் எழுதமாட்டேனா?

டம்ளர் கணக்கு

வண்டியில் முன்பு இருந்தவை இரண்டு ஈய பேட்டரிகள். அம்மிக்கல் கனம். வாங்கிய புதிதில் ஒழுங்காகத்தான் உழைத்தன. போகப்போக அவற்றுக்கு வயதாகி, ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றினாலும் காலையில் கடைத்தெரு வரைக்கும்தான் தாங்கும். பாலம் ஏறினால் அன்றைய கதை முடிந்தது. கைப்பிடிக்குப் பக்கத்திலிருக்கிற சார்ஜ் விளக்குகள் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகி, கடைசியில் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும்.

அதற்காகவே கண்டக்டர் மொபெட்டில் என் பின்னாலேயே வருவார். மொபெட்டில் எப்போதும் ஒரு தேங்காய்நார்க் கயிறு இருக்கும். நான் நின்றதும் கயிற்றை என் வண்டியில் கட்டி, மொபெட்டால் மெல்ல இழுத்துக்கொண்டு வீடு சேர்ப்பார். டீக்கடையைத் தாண்டித்தான் வீடு. கடையிலிருக்கிற அத்தனை கண்ணும் கிளாஸுக்கு மேலாக எங்களைப் பார்க்கும். சிலர் எழுந்து நிற்பார்கள். மரியாதையாம். சவ ஊர்வலத்துக்கும் அப்படித்தான் எழுந்து நிற்கிறார்கள்.

அந்த மொபெட்டை இப்போதெல்லாம் வேறு எதற்கும் அவர் எடுப்பதில்லை. வெளியூருக்கென்றால் பஸ்தான். பஸ்ஸைத் தவிர வேறெதில் போனாலும் அவருக்குப் பிறந்த வீட்டுக்குத் துரோகம் செய்த மாதிரி. ஆகவே மொபெட்டுக்குப் பெட்ரோலை வீட்டிலிருக்கிற கேனிலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரால் அளந்து ஊற்றுவார். ஒரு தடவைக்கு ஒரு டம்ளர்.

"எதுக்கு இந்தக் கஞ்சத்தனம்? நிறைய ஊத்தினா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எந்த ஸ்டேஜுக்கு டிக்கெட்டோ அந்த ஸ்டேஜ் வரைக்கும் எண்ணெய். உன் வண்டி போற தூரத்துக்கு என் வண்டிக்கு ஒரு டம்ளர் போதும்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது. என் உலகம் ஒரு டம்ளர் அகலம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பாராத பயிர்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பா என் பேரில் எழுதிவைத்தது. கடைமடை நிலம். அதாவது கல்லணையில் கிளம்புகிற தண்ணீர் ஊர் ஊராக எல்லார் வயலுக்கும் பாய்ந்து, கடைசியில் மனமிருந்தால் எங்களை எட்டிப்பார்க்கும்.

கைத்தடிக் காலத்தில் கண்டக்டர் மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அங்கே கூட்டிப்போனதுண்டு. முதுகும் போனபிறகு அதுவும் நின்றது. வயலை மல்லிகா பார்த்துக்கொள்கிறாள். பக்கத்து வயல் அவளுடையது. அவளுடைய அம்மா கூலிக்கு நட்ட அதே மண்ணை அவள் சொந்தமாக வாங்கிப் பயிர் வைக்கிறாள். என் வயலில் விளைவதில் அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று ஏற்பாடு. நடவு முதல் அறுப்பு வரை எல்லாம் போனிலேயே பேசுவோம், அதாவது சண்டை போடுவோம்.

"கேளாத கடனும் பாராத பயிரும் பாழ்னு சொல்லுவாங்க. எதுக்கு வச்சிருக்கே, குடுத்துடேன்" என்று சொந்தக்காரர்கள் ஜாடையாகவும் நேராகவும் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தை அச்சில் எழுத முடியாது. ஆனால் சொல்வதில் நியாயமில்லாமலும் இல்லை. போனில் மல்லிகா காட்டுகிற வயல் உள்ளங்கை அளவுதானே!

போன கோடையில் வாய்க்கால் கரைச் சாலைக்குத் தார் போட்டார்கள். வீட்டு வாசலிலிருந்து என் வயல் வரப்பு வரை வழவழவென்று சாலை. நடுவே அந்தப் பாலம் ஒன்றுதான் மேடு. சாலை இருக்கிறது, நிலம் இருக்கிறது, நான் இருக்கிறேன். பேட்டரிதான் இல்லை.

ஒருமுறையாவது என் வயலுக்கு நானே போக வேண்டும். பின்னால் மொபெட் சத்தம் இல்லாமல், கயிறு இல்லாமல், தனியாக. அந்த ஆசை பிடித்துக்கொண்டால் சும்மா விடுமா?

அம்மிக்கல் போய்

தஞ்சாவூரில், மின்சார ஆட்டோக்களுக்கு பேட்டரி மாட்டுகிற ஒரு கடைக்குக் குட்டியானை லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். கடைக்காரர் பஷீர் பாய் பேச்சில் மன்னன். என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நடைபாதையிலேயே வண்டியின் வயிற்றைத் திறந்தார். பழைய பேட்டரி இரண்டையும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

"ஏம்மா, இத்தனை நாளா ஒங்களச் சுமந்துச்சா, இதையே சுமந்துச்சா?" என்றார் பாய்.

புது லித்தியம் பேட்டரியை ஒற்றைக் கையால் எடுத்துவந்து வைத்தார். எனக்கே சந்தேகமாகிவிட்டது. உள்ளே ஏதாவது இருக்கிறதா?

"பழைய சார்ஜரைத் தூக்கிப் போட்ருங்க, இதுக்கு வேற. அப்புறம் முக்கியமான விஷயம். ஒங்க வண்டியில இருக்கிற பச்சை லைட்டெல்லாம் பழைய பேட்டரிக்குப் பழகினது. இந்த பேட்டரிக்கு அதுங்க கடைசி வரைக்கும் பச்சையாவே எரியும். அப்புறம் பொசுக்குன்னு நின்னுரும். லைட்டை நம்பாதீங்க. தூரத்தை மனசுல வச்சுக்கங்க."

கண்டக்டர் இதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அடுத்த நாள் பாலத்தில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மாட்டுவண்டி பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. அடியில் அழுத்திக்கொண்டிருந்த கனம் போய்விட்டது, என் கனம் அப்படியே இருக்கிறது. மேட்டில் ஏறினால் முன்பக்கம் தூக்கத்தான் செய்யும். கண்டக்டர் ஆட்டுக்கல் குழவியை வைக்கலாம் என்றார். குழவியைக் காலடியில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போக எனக்கு இஷ்டமில்லை. விதைத்தது போக மிச்சமிருந்த நெல்லை ஒரு பையில் கட்டி, காலை வைக்கிற பலகையில் இருத்தினேன். மறுபடி பாலம் ஏறிப் பார்த்தோம். வண்டி சமர்த்தாகத் தலையைக் குனிந்துகொண்டு ஏறியது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கூத்து. கொல்லைப்பக்கம் டக்டக்கென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், கண்டக்டரும் பக்கத்து வீட்டு டிராக்டர்காரரும் என் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில்.

"மூடியக் காணோமே" என்றார் டிராக்டர்காரர். "எல்லா பேட்டரிக்கும் ஆறு மூடி இருக்கணும். ஒங்கள ஏமாத்திட்டான்."

நான் போட்ட சத்தத்தில் டிராக்டர்காரர் பாட்டிலோடு கொல்லை வழியாகவே போய்விட்டார். எங்கள் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவன் பெண்டாட்டிக்குப் பூ வாங்க மறந்தாலும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கமாட்டான். கண்டக்டர் அந்தப் பாசத்தில் செய்தது. பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். "நீங்க அதுக்கு ஒண்ணுமே செய்யாம இருந்தா அது ரொம்ப நாள் உழைக்கும்னு அண்ணன்ட்ட சொல்லுங்க" என்றார்.

தண்ணீர் வந்த நாள்

சம்பா பருவம். ஒரு காலை மல்லிகா கூப்பிட்டாள்.

"அக்கா, தண்ணி நம்ம வாய்க்கா தலைப்புக்கு வந்துருச்சு. மதியத்துக்குள்ள நம்ம மடைக்கு வந்துரும். போன்ல காட்டவா?"

"வேணாம். நானே வரேன்."

"எதுல?" என்றாள்.

கண்டக்டர் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "நான் மட்டும் போறேன். நீங்க வரக் கூடாது" என்றேன்.

"சரி" என்றார்.

"பின்னாலயும் வரக் கூடாது."

"சரின்னேன்ல."

"சத்தியமா?"

"உன் பேட்டரி மேல சத்தியமா."

இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற ஆள் இல்லையே என்று ஒரு நிமிடம் தோன்றியது. சந்தோஷத்தில் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்ல! முந்தானையைச் சக்கரத்தில் சிக்காமல் இடுப்பில் சொருகிக்கொண்டு, நெல் பையைக் காலடியில் வைத்து, கைப்பிடியை முழுசாக முன்னால் தள்ளினேன். டீக்கடையைத் தாண்டினேன். என்னை எதுவும் இழுக்கவில்லை. பாலம் ஏறி இறங்கினேன். ஓர் ஆட்டு மந்தையை ஓரம் ஒதுக்கி முந்தினேன். வாய்க்கால் கரையில் நூறு நாள் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் மண்வெட்டியை ஊன்றி நின்றார்கள்.

"ஏய், அங்க பாருங்கடி, டைப்பக்கா ஒத்தையில போறாங்க!"

"கண்டக்டர எங்கக்கா எறக்கி விட்டீங்க?"

"டிக்கெட் எடுக்கல, எறக்கிவிட்டுட்டேன்!" என்று நானும் கத்தினேன். அவர்கள் சிரித்த சிரிப்பு சாலைவளைவு வரைக்கும் கூடவே வந்தது.

தென்னந்தோப்புகள் முடிந்து வயல்வெளி திறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. விளக்குகள் எல்லாம் பச்சை. பாய் சொன்னது ஞாபகம் வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டால்? கயிறு கிடையாது, ஆள் கிடையாது. சாயங்காலம் வரைக்கும் சாலை நடுவே உட்கார்ந்து ஆடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதுதான். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் கைப்பிடியைத் தளர்த்தினேன். பிறகு, நின்றால் நிற்கட்டும் என்று மறுபடி தள்ளினேன்.

நிற்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மல்லிகா வரப்பில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தபிறகும் பின்னால் மொபெட்டைத் தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் சேறு. என் கையிலும் சேறு ஒட்டியது. துடைக்க மனமில்லை.

வயல் பெரிசாக இருந்தது. இவ்வளவு பெரிசா! முன்மழையிலேயே பச்சென்று முளைத்திருந்த பயிருக்கு அந்தக் கோடி வரைக்கும் முடிவே இல்லாத மாதிரி தோன்றியது. அப்புறம் தண்ணீர் வந்தது. வெள்ளமாக இல்லை, நுரையும் சருகுமாக, நாக்கால் நக்கிக்கொண்டே வருகிற மாதிரி மடை வாயில் நுழைந்தது. முதல் தண்ணீருக்கு நெல் தூவுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். கால்மாட்டுப் பையிலிருந்தே ஒரு பிடி அள்ளித் தூவினேன். அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

உடனே கண்ணில் பட்டது. "மல்லிகா, கிழக்கு வரப்புல நண்டுவளை இருக்கு பாரு. தண்ணி அந்தாண்ட போகுது."

"வந்து அஞ்சு நிமிசம் ஆகல, குத்தம் கண்டுபிடிச்சாச்சா? போன்லயே இருந்திருக்கலாம்க்கா நீங்க" என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால்

திரும்பி வருகிற வழியில், ஒரு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பழக்கப்பட்ட மொபெட்டின் பின்சக்கரம் தெரிந்தது. வண்டியை நிறுத்தினேன். கண்டக்டர் மொபெட்டைப் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டி, டேங்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தோளில் கயிறு.

"இங்க என்ன பண்றீங்க?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "சும்மா... கொக்கு பாக்க வந்தேன்."

"கொக்கு பாக்கக் கயிறு எதுக்கு?"

கயிற்றை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டார். "லைட்டு பொய் சொல்லும்னு பாய் சொன்னாருல்ல" என்றார்.

"பேட்டரி மேல சத்தியம் பண்ணினீங்களே!"

"அதுக்கு ஒண்ணும் ஆகலயே. என் வண்டிதான் நின்னு போச்சு."

நான் பார்த்துவிடக் கூடாது என்று அக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சுற்றுவழி இரண்டு மடங்கு. ஊற்றியது அதே ஒரு டம்ளர்.

நியாயமாகப் பார்த்தால் நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடத்தான் வாயைத் திறந்தேன். வியர்த்துக் கொட்டிய அந்த முகத்தைப் பார்த்ததும் சண்டை சிரிப்பாக வெளியே வந்து தொலைத்தது. கையை நீட்டினேன்.

"கயிறக் குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கட்டத்தான்."

"வேணாம் மங்கை, நான் தள்ளிக்கிட்டே வந்துர்றேன். டீக்கடை வழியா போகணும்."

"நான் எத்தனை தடவை போயிருக்கேன்?" என்றேன்.

அவர் குனிந்து கயிற்றின் ஒரு முனையை என் வண்டியிலும் மறுமுனையை மொபெட்டிலும் கட்டினார். எத்தனையோ தடவை கட்டிய அதே முடிச்சு. மொபெட்டில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து, கால்களைத் தரையில் ஊன்றினார். அவர் சரியாக உட்கார்கிற வரை நான் கைப்பிடியைத் தொடவில்லை.

"உக்காந்தாச்சா?"

"ம்."

"ரைட்!" என்றேன்.

மெல்லத்தான் நகர்ந்தோம். அவர் காலால் தரையைத் தள்ளிக் கொஞ்சம் உதவினார். பாலம் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மொபெட்டைத் தள்ளி அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து எனக்குப் பின்னால் கைகொடுத்து ஏறினார். இறங்கியதும் மறுபடி கட்டினோம். விளக்குகள் இன்னும் பச்சையாகவே இருந்தன. அவை பொய் சொல்கின்றனவா என்று பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. டீக்கடை வரைக்கும் போய்விடு தாயே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

டீக்கடையில் கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. யாரோ, "என்ன கண்டக்டரே, வண்டி மாறிப்போச்சா?" என்றார்கள்.

பின்னால் நீளமாக விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசிப் படியில் தொங்குகிற காலத்து மிடுக்கோடு ஊதிக்கொண்டிருக்கிறார். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. வீடு வரைக்கும் ஒரு வளைவு விடாமல் ஊதினார்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் வண்டிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் பெட்ரோல் வாடை. எட்டிப் பார்த்தேன். டம்ளர் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. கண்டக்டர் கேனையே தூக்கி மொபெட் டேங்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வரை நிரம்பித் தளும்பியது.

"என்னங்க இது, அவ்வளவையும் ஊத்துறீங்க? எந்த ஸ்டேஜுக்கு?"

மூடியைத் திருகி மூடிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீ எது வரைக்கும் போவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.